ராஜேந்திரன் செய்த பெஞ்சு

மருமகளுக்கு மறுமணம் நடந்த புதன்கிழமை, ராஜேந்திரன் தன் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தேக்குப் பலகையில் துளை வெட்டிக்கொண்டிருந்தார். ராபர்ட்சன்பேட்டை பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அவர் மனைவி மங்கம்மா. மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். புறப்படும்போது ஒரு தடவை கூப்பிட்டாள். துளை பாதியில் நிற்கிறது என்றார். அவள் வற்புறுத்தவில்லை. அரைமணி நேரம் கழித்து அக்கம்பக்கத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தபோது அவர் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். முழுக் கூர்மையோடு இருந்த உளி அது.

மருமகள் மமதா, அவர்களுடைய ஒரே மகன் மனோகரின் மனைவி. மனோகர் போய் மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. மமதாவுக்கு அப்பா அம்மாவும் இல்லை. ஓசூரில் அண்ணன் ஒருவர் இருந்தார். வந்துவிடு என்று அவர் கூப்பிட்டும் அவள் போகாமல் இந்த வீட்டிலேயே இருந்துகொண்டாள். இப்போது பெங்களூருக்குப் போகிறாள். அங்கே பார்த்திருந்த வீடு ஞாயிற்றுக்கிழமைதான் காலியாகிறது. அதனால் புதன்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையில் இங்கேயே திரும்பி வந்தாள். இன்னொருவர் மனைவியாக இந்த வீட்டில் அவள் இருந்தது நாலு ராத்திரி. முதல் நாள் மங்கம்மா அவளுக்குச் சேமியாப் பாயசம் வைத்துக் கொடுத்தாள். ராஜேந்திரனும் ஒரு டம்ளர் குடித்தார்.

பெஞ்சை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அது மமதாவோடு பெங்களூர் போக வேண்டும். இந்த வீட்டில் செய்த ஒரு சாமான் அந்த வீட்டு வாசலில் கிடந்தால் அவள் முழுக்கப் போய்விட்டதாக ஆகாது. தினமும் அதில் உட்காருவாள். என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து, இங்கே வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். பேரனோ பேத்தியோ இருந்திருந்தால் இந்த யோசனையெல்லாம் தேவைப்பட்டிருக்காது. இல்லாத இடத்தில் ஒரு பெஞ்சு. மங்கம்மாவிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அது சின்னதாகத் தெரியும்.

ராஜேந்திரன் சாதாரணத் தச்சர் இல்லை. ஊர்த் தங்கச் சுரங்கத்தின் பெரிய வொர்க்‌ஷாப்பில் பேட்டர்ன் மேக்கராக இருபத்து மூன்று வருஷம் இருந்தவர். இரும்பில் வார்க்க வேண்டிய எதுவானாலும், பம்புக்குள் சுற்றுகிற சக்கரமோ, ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜின் சறுக்குக் கட்டையோ, முதலில் அதை மரத்தில் செய்தாக வேண்டும். ஃபவுண்டரியில் அந்த மர உருவத்தை மண்ணில் பதித்து, பிறகு வெளியே எடுத்துவிடுவார்கள். அது விட்டுப்போன குழியில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். மரம் துடைக்கப்பட்டு மறுபடி ரேக்குக்குப் போய்விடும். ஓர் உடைந்த விளிம்பு இல்லாமல் மண்ணை விட்டு வருவது ராஜேந்திரன் பேட்டர்ன்தான் என்று ஃபவுண்டரியில் பேர் இருந்தது. சுரங்கத்தை மூடியபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. பேட்டர்ன் ஷாப்பின் கதவைப் பூட்டினார்கள். உள்ளே இருந்ததைக் கரையான் தின்றது. பிறகு பெங்களூரில் ஒரு பெயின்ட் கோடவுனில் பதினாறு வருஷம், டப்பாக்களுக்குக் கணக்கு வைத்துக்கொண்டு, ரயிலில் போய் ரயிலில் வந்தார். ஆக, அறுபத்தாறு வயதில் அவர் கையால் செய்த மரச்சாமான் ஒன்றுகூட யார் வீட்டிலும் கிடையாது. செய்ததெல்லாம் மண்ணுக்குள் போய் வந்தவை.

பெஞ்சு கேட்டது மமதாதான். அது கல்யாணமான முதல் வருஷம். அவளும் மனோகரும் தினமும் விடியற்காலை கோரமண்டல் ஸ்டேஷனில் ஒரே வண்டி ஏறிப் பெங்களூர் போவார்கள். அவனுக்குக் கூரியர் கம்பெனி, அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் பில் போடுகிற வேலை. இருவரும் ஷூ போட்டே ஆக வேண்டும். ராத்திரி எட்டேகால் வண்டியில் திரும்பி வந்து, வாசல் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கொக்குபோல ஒற்றைக் காலில் நின்று கழற்றுவார்கள். இருவர் நின்றால் மூன்றாவது ஆள் உள்ளே நுழைய முடியாத வாசல் அது.

“ரெண்டு பேரு குந்துற மாதிரி ஒரு பெஞ்சு போட்டா இன்னா மாமா,” என்று மமதா கேட்டாள்.

கடையில் வாங்கித் தருவதாக மனோகர் சொன்னான். ராஜேந்திரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் ஒரு பேட்டர்ன் மேக்கர் உயிரோடு இருக்கும்போது கடைப் பெஞ்சா என்றார்.

“அப்பா பண்ணா அத மண்ணுல பதிச்சி இரும்பு ஊத்தி, ஆறனப்புறம்தான் குந்தணும்,” என்றான் மனோகர். “அதுக்குள்ள நமக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்.”

கேலி பலித்தது. முதலில் நல்ல மரம் கிடைக்கட்டும் என்றார். மரம் கிடைத்தபோது கண் ஆபரேஷன் ஆயிற்று. கண் தெளிந்தபோது மழைக்காலம், மரம் ஈரம் இழுக்கும் என்றார். ஒவ்வொரு காரணமும் நியாயமானதாகவே இருந்தது. நாலு வருஷம் அவர்கள் ஒற்றைக் காலிலேயே நின்றார்கள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமையும் மற்ற நாள் மாதிரிதான். ஒயிட்ஃபீல்டு தாண்டினதும் மனோகர் மமதாவின் இடது தோளில் சாய்ந்து தூங்கினான். தினமும் அப்படித்தான் தூங்குவான். கோரமண்டல் வந்ததும் தட்டி எழுப்புவது அவள் வேலை. மாலூரில் பாதிக் கூட்டம் இறங்கியது. பங்காருப்பேட்டையில் வண்டி வெகுநேரம் நின்றது. எதிரில் இருந்த யாரோ ஓர் அம்மா ஒரு கடலைப் பொட்டலம் வாங்கி அவளுக்கும் கொஞ்சம் கொடுத்தாள். அவன் விழிக்காமல் இருக்க, தோளை அசைக்காமல், வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள். கோரமண்டலில் தட்டினாள். உயிர் போனது எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவில் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. அவனுக்கு முப்பத்து நாலு வயது.

பதினாறாம் நாள் முடிந்ததும் மமதா அதே வண்டியில் வேலைக்குப் போனாள். மூன்று வருஷம் போனாள். எட்டேகால் வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற சத்தம் கேட்டதும் மங்கம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள், ராஜேந்திரன் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைப்பார். முன்பு இரண்டு பேருக்காகச் செய்ததை ஒருத்திக்காகச் செய்தார்கள். வேலை குறையவில்லை.

மாப்பிள்ளை பிரதாப்பை மங்கம்மாவுக்குத் தெரிந்த ரத்தினம்மா சொன்னாள். பங்காருப்பேட்டைக்காரர், பெங்களூரில் ஏசி மெக்கானிக், முதல் கல்யாணம் நிலைக்கவில்லை. வந்து டீ குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்தார். சுவரில் இருந்த மனோகர் படத்தைப் பார்க்காமல் இருக்கப் பிரயத்தனப்படாமல், சாதாரணமாகப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ராஜேந்திரனுக்கு அதுதான் தாங்கவில்லை. மமதா இரண்டு மாதம் யோசித்தாள். சரி என்று அவள் சொன்ன அன்று மங்கம்மா உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அரிசி புடைத்தாள். ராஜேந்திரன் ஆண்டர்சன்பேட்டைக்கு நடந்து போய், இடித்த பங்களாச் சாமான்கள் விற்கிற கடையில், பழைய தேக்குக் கதவு ஒன்றை நிலையோடு விலை பேசினார். நூறு வருஷத்து மரம். இனி ஈரமும் இழுக்காது, காயவும் காயாது. இப்போது எந்தக் காரணமும் மிச்சமில்லை.

ஒரு விஷயத்தில் அவர் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தார். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்கு ஈடு கட்ட, பேட்டர்ன் மேக்கரின் ஸ்கேலில் ஒரு அடி என்பது நிஜ அடியைவிடக் கொஞ்சம் நீளம். அந்த ஸ்கேல்தான் அவரிடம் இருந்தது. அதைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, புதிதாக டேப் ஒன்று வாங்கினார். ஷாப்பில் பழகிய புத்தி இதில் புகுந்துவிடக் கூடாது.

பதினோரு நாள் வேலை. நாலு அடி நீளத்தில் உட்காரும் பலகை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கால், ஒவ்வொரு ஜோடிக்கும் குறுக்கே ஒரு கட்டை, அந்த இரண்டையும் பிடித்துக்கொள்ள நடுவில் நீளமாக இன்னொன்று. இரும்பாணி கிடையாது. பசை கிடையாது. பசை என்பது கைக்கு வராதவன் வைத்துக்கொள்வது என்று அவருக்கு எண்ணம். காலின் மேல்முனையை நாலு பக்கமும் வெட்டி நடுவில் நாக்குபோல ஒரு துண்டை நிறுத்த வேண்டும். கழுந்து என்பார்கள். பலகையில் அதே அளவுக்குத் துளை. கழுந்து துளைக்குள் போய் உட்கார வேண்டும். இந்த மாதிரிப் பத்து இணைப்பு. துளையை உளியால் வெட்டி, ஊதி, விரலை விட்டுத் தடவிப் பார்த்து, மறுபடி ஒரு சீவல் எடுத்தார். இருபத்து நாலு வருஷமாகச் சும்மா இருந்த கை முதல் நாள் தயங்கியது. இரண்டாம் நாள் அதற்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பிறகு அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை பொருத்தினார். ஒவ்வொரு கழுந்தும் கையால் அழுத்தினாலே உள்ளே போயிற்று. இணைப்பில் ஒரு காகிதம் நுழைய இடமில்லை. மேலே ஏறி நின்று பார்த்தார். மலைபோல நின்றது.

அன்று சாயங்காலம் ஃப்ரெடி வந்தார். ஃபவுண்டரியில் மோல்டராக இருந்தவர், ராஜேந்திரனின் பேட்டர்ன்களை மண்ணில் பதித்து எடுத்தவர். இப்போது ஊரிகத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பெஞ்சைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில், பதித்த பேட்டர்னை எடுப்பதற்கு முன்னால் செய்வதுபோல, பலகையின் பக்கவாட்டில் முஷ்டியால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டுத் தட்டி, இரண்டு கையாலும் நேராக மேலே தூக்கினார்.

பலகை மட்டும் வந்தது. நாலு காலும் தரையிலேயே நின்றன.

ஃப்ரெடி பலகையைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். “இன்னா மேன் இது. டிராஃப்ட் குட்த்துகிறே.”

ராஜேந்திரன் தரையில் நின்ற கால்களைப் பார்த்தார்.

“எங்க பதிக்கப் போறே? மண்ணு நான் கொண்டாரட்டா?” ஃப்ரெடி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, பலகையைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

ராஜேந்திரன் ஒரு காலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கழுந்து அடியில் அகலம், நுனியில் ஒரு மயிரிழை ஒல்லி. அடுத்த காலைப் பார்த்தார். அதுவும் அப்படியே. குறுக்குக் கட்டைகளைக் கழற்றினார். விரலால் இழுத்ததும் வந்தன. துளைகளைப் பார்த்தார். அவையும் அதே சரிவில் உள்ளே குறுகின. மண் உதிராமல் மரம் வெளியே வர வேண்டும் என்பதற்காகப் பேட்டர்னின் நிற்கிற பக்கம் ஒவ்வொன்றையும் இப்படித்தான் கொஞ்சம் சரித்துச் சீவுவார்கள். அதற்குத்தான் டிராஃப்ட் என்று பேர். யாரும் சொல்லாமலே கை அதைச் செய்திருந்தது. கழுந்துக்கும் செய்து, அதற்குப் பொருத்தமாகத் துளைக்கும் செய்திருந்தது. அதனால்தான் இடைவெளி தெரியவில்லை. ஸ்கேலைத்தான் பரண்மேல் போட்டிருந்தார்.

ஃப்ரெடி சிரிப்பை நிறுத்தியிருந்தார். “வுடு மேன். மூங்கில் ஆணி அடிச்சிடு. நிக்கும். அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியப் போவுது.”

“எனக்குத் தெரியும்.”

“உனக்குத் தெரிஞ்சி இன்னா. உன் கை அது. வேற கை வாங்கவா முடியும்.” பிறகு ஃப்ரெடி தானாகச் சொன்னார்: “ஒண்ணு சொல்லட்டா. உன் பேட்டர்ன் எடுக்கும்போது மட்டும்தான் நான் மூச்சப் புடிக்க மாட்டேன். மத்தவன் பேட்டர்னுன்னா சாமியக் கும்புட்டுக்குவேன். எடுக்கிறப்ப யோசிக்கவே கூடாது. நேரா மேல. கை நடுங்கிச்சின்னா மண்ணு வுழுந்துடும்.”

வேறு பெஞ்சு செய்ய நாளில்லை. வெள்ளிக்கிழமை காய்ந்த மூங்கிலைப் பிளந்து பத்து ஆணி சீவினார். சனிக்கிழமை மாலைக்குள் ஒவ்வொரு இணைப்பிலும் கழுந்தைக் குறுக்கே துளைத்துக்கொண்டு போகிறமாதிரி கை டிரில்லால் ஓட்டை போட்டார். ஆணி ஒவ்வொன்றையும் அதனதன் ஓட்டையில் வைத்து அளவு பார்த்தார். அடிக்க வேண்டியதுதான் பாக்கி. கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலைக் கையில் எடுத்தபோது மங்கம்மா உள்ளேயிருந்து விளக்கேற்றிவிட்டு வந்தாள். விளக்கு வைத்தபிறகு வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, அதுவும் பெண் கிளம்புகிற சமயத்தில் என்றாள். காலையில் அடித்துக்கொள்ளலாம் என்று அவர் ஆணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெஞ்சை வாசலில் அதன் இடத்தில் வைத்தார்.

இந்த வீட்டிலிருந்து மமதா வேலைக்குப் போனது அன்றுதான் கடைசி. எட்டேகால் வண்டியில் வந்தாள். வாசலுக்கு வந்ததும் வழக்கம்போல ஒரு கை சுவருக்குப் போயிற்று. பெஞ்சைப் பார்த்து கை நின்றது.

“குந்தும்மா,” என்றார் ராஜேந்திரன். “தூக்காத. இன்னும் ஆணி அடிக்கல. குந்தலாம்.”

உட்கார்ந்தாள். பெஞ்சின் வலது ஓரத்தில், பலகையின் விளிம்பை ஒட்டி. இடது பக்கம் ஒரு ஆளுக்கு இடம் அப்படியே இருந்தது. குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். நிமிர்ந்தபோது இடது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. மயிரிழைச் சரிவைக் கண்டுபிடிக்கிற கண் அவருடையது. மூன்று வருஷமாக இதை எப்படிப் பார்க்காமல் விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. இந்த வீட்டில் அவள் தரையில் உட்காருவாள், இல்லாவிட்டால் நின்றுகொண்டிருப்பாள். இப்படி உட்கார ஓர் இடம் இதுவரை இருந்ததில்லை.

“தோளு வலிக்குதா?”

“இல்ல மாமா.” அவள் தோளைப் பார்த்துக்கொண்டாள். பார்த்ததும் அதை உயர்த்தினாள். “பழக்கம். வண்டியில அவருக்குத் தல நல்லா படியட்டும்னு இப்படி எறக்கி வெச்சிக்குவேன். இப்ப பெஞ்சு, பஸ்சு, எங்க குந்தினாலும் தானா எறங்கிடுது.”

உள்ளே மங்கம்மா தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது.

“பிரதாப்பு கூட அன்னிக்கிக் கேட்டாரு, ஏன் ஒரு பக்கமா சாஞ்சே குந்துறேன்னு.”

“நீ இன்னா சொன்னே?”

“டெய்லரு ஜாக்கெட்ட கோணலா தெச்சிட்டான்னு சொன்னேன்.” சிரித்தாள். “இந்த வீட்ட வுட்டுப் போனா சரியாப் பூடும்னு அத்தை சொல்றாங்க.”

அவள் பலகையைத் தடவினாள். தடவிக்கொண்டே போன கை, காலியாக இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றது.

“ரெண்டு பேரு குந்துற மாதிரியே பண்ணிட்டீங்க மாமா.”

“நீ கேட்டதுதான்.”

“எடுத்துனு போறேன். அங்கயும் வாசல்லயே போட்டுக்குறேன்,” என்றாள். சொல்லும்போதே தோள் மறுபடி இறங்கிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ராஜேந்திரன் குளித்துவிட்டு வந்து பெஞ்சின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கொட்டாப்புளி மடியில் இருந்தது. பத்து ஆணி, பத்து அடி. பத்து நிமிஷம்கூட ஆகாது. பிறகு தினமும் அவள் இதில் உட்காருவாள், அந்தத் தோள் தினமும் இறங்கும். தெருக்கோடியில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின்மேல் வெயில் ஏறியது. மங்கம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஆடை படிந்தது. டெம்போ வந்து நிற்கிற சத்தம் கேட்டபோது எழுந்து, கொட்டாப்புளியைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தார்.

மமதாவின் சாமான் அதிகமில்லை. துணிப்பெட்டி இரண்டு, குக்கர், தையல் மெஷின், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பிரதாப்பும் டிரைவரும் ஏற்றினார்கள். கடைசியில் பிரதாப் பெஞ்சிடம் வந்தார்.

“இதானா அங்கிள்? மமதா சொன்னா.” பலகையைப் பக்கவாட்டில் உள்ளங்கையால் பலமாகத் தட்டினார். “ஸ்ட்ராங்கா கீது.” மறுபக்கம் போய் அங்கேயும் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு தூக்கினார்.

கால்கள் நின்று, ஒரு கணம் கழித்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. பிரதாப் பலகையும் கையுமாக அப்படியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது. தான்தான் உடைத்துவிட்டதாக நினைத்தார். சாரி என்று இரண்டு தடவை சொன்னார். மமதா வாசற்படிக்கு வந்துவிட்டாள்.

“நீங்க ஒண்ணும் பண்ணல,” என்றார் ராஜேந்திரன். “ஜாயின்ட்டு சரியில்ல. நான் பண்ண தப்பு.”

“ஆணி அடிச்சா நிக்குமே அங்கிள். வண்டியில சுத்தியல் கீது. நான் வேணா...”

“நிக்காது. மரம் சரியில்ல.”

இருபத்து மூன்று வருஷத்தில் அவர் மரத்தின்மேல் பழி போட்டதில்லை.

“அங்க போனதும் கடையில நல்லதா ஒண்ணு வாங்கிக்கங்க,” என்றார். “முதுகு சாய்ஞ்சிக்கிற மாதிரி.”

பிரதாப் மமதாவைப் பார்த்தார். மமதா மாமாவின் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் மூங்கில் ஆணிகளின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் அவற்றைச் சீவியதை அவள் பார்த்திருந்தாள். பார்வை பையிலிருந்து முகத்துக்கு வந்தது. மறுபடி பைக்குப் போகவில்லை.

“ஆமா,” என்று அவள் பிரதாப்பிடம் சொன்னாள். “அது இங்கயே இருக்கட்டும்.”

பிரதாப் பலகையைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். ஒரு குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைத்தார். அதற்காக ராஜேந்திரனுக்கு அவரைக் கொஞ்சம் பிடித்தது.

மமதா மங்கம்மாவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் வெகுநேரம் அப்படியே நின்றார்கள். டெம்போ டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மமதா குனிந்து ராஜேந்திரனின் காலைத் தொட்டாள்.

“போய்ட்டு வர்றேன் மாமா.”

அவர் அவள் தலையில் கை வைத்தார். கை நடுங்கவில்லை.

“நல்லா இரும்மா,” என்றார்.

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். இன்னொரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். அது வராது என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள். போய்ட்டு வா, போனதும் போன் பண்ணு, பூண்டு ஊறுகாய் சின்னப் பையில் இருக்கிறது என்று மங்கம்மா வண்டி திரும்பும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வண்டி மறைந்ததும் மங்கம்மா அவர்மேல் பாய்ந்தாள்.

“போய்ட்டு வான்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வர்லியா உனக்கு? மூணு வருஷம் உன் கண்ணுக்கு மருந்து வுட்ட பொண்ணு. சாவு வீட்டுலேர்ந்து அனுப்புற மாதிரி அனுப்புறே.”

அவர் கால்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மங்கம்மா கிட்டே வந்தபோது அவளும் பையைப் பார்த்தாள். உள்ளே கையை விட்டு ஆணிகளை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஆணிகளைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டாள்.

பகலெல்லாம் அவர் வேறு வேலை பார்க்கவில்லை. சாயங்காலம் குறுக்குக் கட்டைகளைக் கால்களில் பொருத்தினார். கால்களைத் தலைகீழாகக் கிடத்திய பலகையில் பொருத்தி, அடியிலும் மேலுமாகப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தி வைத்தார். ஆணி அடிக்கவில்லை. விளக்கு வைத்த நேரம் ஆகியிருந்தது.

மங்கம்மா கடைக்குப் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்ற உட்கார்ந்தவள், ஞாபகம் வந்து, பாதியில் எழப் போனாள்.

“குந்து,” என்றார். “குந்தினா ஒண்ணும் ஆகாது. பாரம் ஏற ஏற இறுகும். தூக்கினாத்தான் வரும்.”

அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் மறுஓரத்தில் உட்கார்ந்தார். மரம் சின்னதாக ஒரு சத்தம் போட்டு இறுகியது. ஷூ கழற்ற அளந்து வைத்த உயரம். இருவருடைய காலும் தரையில் நன்றாகப் பதிந்தன. அளவில் ஒரு குறையும் இல்லை.

மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது என்று மங்கம்மா சொன்னாள். வீடு நல்ல வெளிச்சமாம். மாமா சாப்பிட்டாரா என்று கேட்டாளாம். சாப்பிட்டார் என்று இவள் சொல்லிவிட்டாளாம். அவர் தலையாட்டினார்.

கோரமண்டலில் எட்டேகால் வண்டி நின்று, ஹாரன் கொடுத்துவிட்டு ஊரிகம் பக்கமாகக் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு மங்கம்மா எழப் போனாள். ராஜேந்திரனும் பாதி எழுந்துவிட்டார். எழுந்த நிலையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, முதலில் அவரும் அடுத்து அவளுமாக, மறுபடி உட்கார்ந்தார்கள்.